ரம்புட்டானுக்கு வரன் பார்த்தோம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் இதுவரை செத்துப்போன செடிகளையெல்லாம் முறைப்படி புதைத்திருந்தால் அங்கே ஒரு சின்ன இடுகாடே வந்திருக்கும். மங்குஸ்தான் மூன்று தடவை செத்தது. துரியன் வந்த வேகத்திலேயே போய்ச் சேர்ந்தது. அவகாடோ ஒரு ஐப்பசி மழை முழுக்க ஆசை காட்டிவிட்டு, பங்குனி பிறந்ததும் கருகி நின்றது. ராஜபாளையத்தில் மா வைத்தால் வரும், கொய்யா வைத்தால் வரும், சப்போட்டாவை வைத்துவிட்டு மறந்தேபோனாலும் வரும். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் வருவதை நான் எதற்கு வளர்க்க வேண்டும்? மொட்டை மாடியில் ஏறினால் மலை தெரிகிறது. மலைக்கு அந்தப் பக்கம் விளைகிற பழம் இந்தப் பக்கம் மட்டும் ஏன் வராது என்று வீட்டில் கேட்பேன்.

"மழையும் அந்தப் பக்கந்தான் பெய்யுது. அதையும் சேத்துக் கூட்டிட்டு வா," என்பார் வீட்டுக்காரர்.

அவர் நூல் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எந்திரங்களோடு காலம் தள்ளியவருக்கு, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றியும் ஓடாத ஒரு பொருளை எதற்கு வீட்டில் வைத்திருக்கிறோம் என்பது புரிந்ததே இல்லை.

ஆனால் ரம்புட்டான் வந்தது அவரால்தான். குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்த ஒரு வருஷம் குளிக்கப் போயிருந்தோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்ட் வாசலில், சிவப்பாக, உடம்பெல்லாம் முடி முளைத்த அந்தப் பழத்தை வாங்கினார். தென்காசி தாண்டுவதற்குள் முக்கால்வாசியைத் தனியாளாகத் தின்று முடித்தார். ஜன்னலோரம் இடம் கிடைக்காததால் கொட்டைகளை என் கைக்குட்டையில் துப்பினார். வீட்டுக்கு வந்து அவற்றில் திடமாகத் தெரிந்த ஒன்றைக் கழுவி, பழைய பெயின்ட் வாளியில் மண்ணும் தேங்காய் நார்த்தூளும் போட்டு ஊன்றினேன். முளைத்துவிட்டது. அவர் எச்சிலில் ஏதோ சத்து இருந்திருக்க வேண்டும்.

சாண் உயரம் ஆனதும் கொல்லை மண்ணில் இறக்கினேன். ரம்புட்டானுக்கு வெயில் வேண்டும், எங்கள் ஊர் வெயில் ஆகாது. தண்ணீர் வேண்டும், எங்கள் போர் தண்ணீர் ஆகாது, அதில் உப்பு. காற்றில் ஈரம் வேண்டும், அது எங்கள் தெருவில் யாரிடமும் கிடையாது. வெயிலைச் சமாளிக்க, கம்பெனியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியைக் கேட்டு வாங்கி வந்து, நாலு கம்பு நட்டு, மேலும் பக்கமும் சுற்றினேன். பைக்கில் இருந்து விழுந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்த ஆளைப் போல வெள்ளைவெளேரென்று அது நிற்கும். பின் தெருவில் போகிறவர்கள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னைக்கு எப்படி இருக்கு? கண்ணு முழிச்சிருச்சா?" என்று விசாரிப்பார்கள். உப்பில்லாத தண்ணீருக்கு, பக்கத்து வீட்டு ஏசியில் இருந்து சொட்டுவதைக் குழாய் போட்டு எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்த வீட்டம்மா தெலுங்குக்காரி, என்னைவிடச் சின்னவள். மாடியில் துணி எடுக்க வரும்போது, "அக்கா, செடிக்குத் தாகம்னா ஒரு கொரல் குடுங்க, மத்தியானமே ஏசி போட்டுர்றேன்" என்பாள்.

காற்றுக்குத்தான் சண்டை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஏர் கூலர் இருந்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் செடிக்கு எதிரே வைத்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வந்தவர் கூலர் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார்.

"ஏட்டி, கட்டுன புருஷன் வேர்த்துக் கெடக்கான், நீ செடிக்குக் காத்து வாங்கி விடுதியா?"

"நீங்க பூக்கப் போறீங்களா?" என்றேன்.

அவர் பாயைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

செடி மரமானது. ஏழெட்டு வருஷத்தில் மாடிக் கைப்பிடியைத் தொட்டு, ஒரு மாசி மாதம் பூத்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த பொடிப் பூக்கள், கொத்துக் கொத்தாக. கொல்லை முழுக்கத் தேனீ. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கம்பெனியில் சொன்னேன், தெருவில் சொன்னேன், மம்சாபுரத்தில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். இன்னும் காய்க்காத பழத்தை ஆளாளுக்குக் கிலோக் கணக்கில் பங்கு பிரித்தும் கொடுத்துவிட்டேன். பூ அத்தனையும் உதிர்ந்தது. ஒரு பிஞ்சுகூட இல்லை. மறு வருஷமும் அதே கதை. நாத்தனார் வந்து பார்த்து, "மதினி, எல்லாங் கண்ணுதான்" என்று சொல்லி, கோர முகம் வரைந்த பூசணிக்காய் ஒன்றைக் கிளையில் கட்டிவிட்டுப் போனாள். அதற்கடுத்த வருஷம் பூசணிக்காய் அழுகியது. மரம் பூத்து உதிர்ந்தது.

வாட்ஸப்பில் பழமரம் வளர்க்கிறவர்கள் குழு ஒன்று உண்டு. அதில் பாதிப் பேர் தங்கள் பழத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள், மீதிப் பேர் கைகூப்புவார்கள். வெட்கத்தை விட்டு, பூவைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டேன். கேரளப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ஒருவர் குரல் செய்தி அனுப்பினார். "சேச்சி, இது ஆண் மரம். ரம்புட்டான் கொட்டையில இருந்து வந்தா பாதி ஆணாத்தான் போகும். இதில ஒருகாலமும் காய் வராது. வெட்டிட்டு ஒட்டுச்செடி வைங்க."

நம்ப முடியாமல் அதை இரண்டாவது தடவை போட்டுக் கேட்டேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. எழுந்து கொல்லைக்குப் போனார். அந்த மரத்துக்குப் பக்கத்தில் அவராக விரும்பிப் போனது அதுதான் முதல் தடவை. அடிமரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வெட்டப் போறியாக்கும்?"

"வேற என்ன செய்ய? காய்க்காதாம்."

"பூக்கானா இல்லையா? அவனால ஆனத அவன் செய்யுதான். காய்க்கலன்னா வெட்டிருவியா? நான் ரிட்டயர் ஆயிட்டேன், என்னையும் வெட்டிரு."

அன்று முதல் மரம் 'அவன்' ஆனது. காலையில் பல் விளக்கியதும் அவர் போய்த் தண்ணீர் விட்டார். அவனுக்கு எறும்பு ஏறுகிறது என்று அடியில் சாம்பல் தூவினார். இந்த வீட்டில் தனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டதாகப் பக்கத்து வீட்டம்மாவிடம் மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார். அரிவாள் எடுக்க எனக்கு வழியில்லாமல் போனது.

அடுத்த மாசியில், மரம் மறுபடி பூத்திருந்தபோது, தெரியாத எண்ணில் இருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல், அதிகாரமாக.

"நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து பேசுறேன். ஒங்க நம்பர குரூப்ல எடுத்தேன். எங்கிட்ட பொண்ணு இருக்கு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எங்க பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களே," என்றேன்.

"ஒம் பையன் யாருக்கு வேணும்? மரத்தச் சொல்லுதேன்ட்டி. ரம்புட்டான். ஒங்க ஆண் மரத்த வெட்டிட்டீங்களா, இருக்கா?"

இருக்கிறது, வீட்டுக்காரர் வெட்ட விடவில்லை என்றேன். "அவருக்குப் புண்ணியமாப் போகும்," என்றது குரல்.

அந்த அக்கா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. திருமுக்குளம் பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் வீட்டு மரமும் கொட்டையில் இருந்து வந்ததுதான், அது பெண் மரமாகப் போயிருந்தது. வருஷா வருஷம் பூக்கும், மிளகு அளவு பிஞ்சும் வைக்கும், அப்புறம் கொட்டிவிடும். "தோலு இருக்கு, முடி இருக்கு, வெட்டிப் பாத்தா உள்ள ஆளக் காணோம்," என்றார். பக்கத்தில் ஆண் மரம் இல்லாததால் மகரந்தம் கிடைக்காமல்தான் இப்படி ஆகிறது என்று அதே நர்சரிக்காரர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு நேரில் வந்தார். வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். நான் பஜ்ஜி போட்டேன். அக்கா பஜ்ஜியைத் தொடாமல் நேரே கொல்லைக்குப் போய், பையில் இருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, பூவைப் பார்த்தார், இலையைத் திருப்பிப் பார்த்தார், மரத்தைச் சுற்றி வந்தார்.

"ஒசரம் பரவாயில்ல. கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கே? இரும்புச்சத்து கொறைச்சலோ?"

"எங்க மண்ணுல எல்லாரும் இந்த நெறந்தான்," என்றார் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "பழக்கவழக்கத்துல ஒரு கொறை சொல்ல முடியாது."

அக்கா திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம், "இவர் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து தட்டில் இருந்த பஜ்ஜியை முழுக்கச் சாப்பிட்டார். சம்பந்தம் முடிவானது.

ஆண் பூ காலையில் விரியும். வாடுவதற்குள் கொண்டு போய்ப் பெண் பூவில் தடவ வேண்டும். மறுநாள் விடிந்ததும் கொத்துகளை நறுக்கி, நனைத்துப் பிழிந்த பேண்டேஜ் துணியில் சுற்றி, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடுக்கி, நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினோம். ஊர் எல்லை தாண்டியதும் டிபன் பாக்ஸ் முனக ஆரம்பித்தது. அவசரத்தில் ஒரு தேனீயையும் சேர்த்து மூடியிருக்கிறோம். வீட்டுக்காரர் பாவப்பட்டு மூடியை லேசாகத் திறந்தார். அது முன் சீட்டு அம்மாவின் கனகாம்பரத்தில் போய் உட்கார்ந்தது. அந்த அம்மா எழுப்பிய சத்தத்தில் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார்.

"பெரியவரே, டிபன் பாக்ஸ்ல என்னதான் கொண்டு போறீக?"

"பூவு."

"பூவயா? எங்க, கோயிலுக்கா?"

"இல்ல, ஒரு பொம்பள வீட்டுக்கு," என்றார் என் வீட்டுக்காரர், அவ்வளவு வெள்ளந்தியாக. பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

அக்கா வீட்டில் ஏணி தயாராக இருந்தது. அவர் நைட்டிக்கு மேலே ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கீழே நின்று உத்தரவு கொடுத்தார். பெண் பூவின் நடுவில், பாம்பு நாக்கைப் போல இரண்டாகப் பிரிந்த ஒரு நுனி தெரியும். அதில் ஆண் கொத்தை மெல்ல உரச வேண்டும். "தேய்க்காதீங்க தம்பி, பாத்திரமா வெளக்குதீங்க? தடவுங்க," என்று அக்கா கத்துவார். தடவி முடித்த கொத்தில் சிவப்பு நூல் கட்டுவது என் வேலை. எல்லாப் பூவும் ஒரே நாளில் விரியாது என்பதால் தினமும் போக வேண்டியிருந்தது. கம்பெனியில் எனக்கு ஒரு நாள்தான் லீவு கொடுத்திருந்தார்கள். ஆகவே மறுநாள் முதல் அவர் தனியாகப் போனார்.

ஒரு விஷயத்தை நான் கவனித்தேன். மில்லை விட்டதில் இருந்து காலையில் அவருக்குப் போக ஓர் இடம் இல்லாமல் இருந்தது. குளித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் ஹாலுக்கும் நடப்பார். இப்போது எனக்கு முன்னால் எழுந்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, டிபன் பாக்ஸோடு கிளம்பினார். பார்க்க நன்றாக இருந்தது. எனக்கும் செத்த நேரம் வீடு அமைதியாகக் கிடைத்தது.

ஆனால் அதைப் பார்த்தவள் நான் மட்டும் இல்லை. ஒரு நாள் நான் லீவு போட்டிருந்தேன். மம்சாபுரத்தில் இருந்து நாத்தனார் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கினாள். என் வீட்டில் என்னையே "ஒக்காருங்க மதினி" என்று உட்கார வைத்தாள்.

"அண்ணன் தெனம் காலைல எங்க போறாக?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு."

"ஒங்களுக்குத் தெரியுமா? எங்க வீட்டுக்காரவுக வேலைக்குப் போற வழில ரெண்டு மூணு நாளாப் பாத்திருக்காக. ஒரே வீட்டுக்குள்ளதான் போறாகளாம். எதுக்குப் போறாக?"

"மகரந்தத்துக்காகப் போறாரு," என்றேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "யாரு மதினி அந்த மகரந்தம்?"

சத்தியமாக அந்த இடத்தில் நான் விளக்கத்தான் நினைத்தேன். ஆனால் முப்பது வருஷமாக என் சாம்பாரில் குறை சொன்னவள் அவள். வாய் தானாகவே, "இந்த மாசிலதான் ஆரம்பிச்சது" என்றது.

"அய்யய்யோ! நீங்க ஒண்ணுஞ் சொல்லலையா?"

"நாந்தான் டிபன் பாக்ஸ் கட்டிக் குடுக்கேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதே விட்டாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் மஞ்சள் தூள், தலையில் ஒரு பூக்கொத்து, முகத்தில் அப்படியொரு திருப்தி. "இன்னைக்கு மேக்கிளை முடிச்சாச்சு," என்றார். அதற்கு மேல் எனக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நாத்தனார் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தீர்மானித்து என் தலையில் தண்ணீர் தெளித்தாள்.

சொல்லிப் பார்த்தோம், அவள் நம்பவில்லை. கடைசியில் மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு போனோம். அக்கா கதவைத் திறந்தார். முழுக்கைச் சட்டை, கையில் கத்தரி, நெற்றியில் ஒட்டிய சிலந்தி வலை. நாத்தனாரைப் பார்த்ததும் யார் என்றுகூடக் கேட்கவில்லை. "கை சும்மாதான இருக்கு? ஏணியப் பிடிட்டி," என்றார். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் அடங்காத நாத்தனார் ஓடிப்போய் ஏணியைப் பிடித்தாள்.

சில வாரம் கழித்து அக்கா போன் செய்தார். "வெட்டிப் பாத்தேன். உள்ள ஆள் இருக்கு."

அதன் பிறகு அந்தப் பிஞ்சுகளுக்கு நடந்த சீராட்டில் எங்கள் பிள்ளைகள் வளரவில்லை. பாதி கோடையில் உதிர்ந்தது. வௌவாலுக்குப் பயந்து, மிஞ்சிய கொத்துகளுக்குப் பேண்டேஜ் துணியில் பை தைத்து மாட்டினேன். ஆடியில் நிறம் ஏறியது. முதல் பறிப்புக்கு எல்லாரும் அக்கா வீட்டில் கூடினோம். நாத்தனார் வந்தாள், ஏசி தண்ணீர் கொடுத்த பக்கத்து வீட்டம்மா வந்தாள். ஆளுக்கொரு பழம். தோலை உரித்தோம், வாயில் போட்டோம்.

புளிப்பு என்றால் பல் கூசி, காது அடைக்கிற புளிப்பு. சதை கொஞ்சம்தான், அதுவும் கொட்டையை விட்டு வர மறுத்தது. கடித்து இழுத்தால் மரச்செதில் மாதிரிக் கொட்டையின் தோல் பல்லில் சிக்கியது. நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ரசம் வைக்கலாங்க்கா."

வீட்டுக்காரர் இன்னொன்றை உரித்தார். பிறகு இன்னொன்று. "நல்லாத்தான இருக்கு? இனிப்பு தெரியலையா ஒங்களுக்கு?" என்றார். கண்ணில் இருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, அது பாசத்தாலா புளிப்பாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தமாக, மூச்சு முட்ட, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சம்பந்தின்னா இப்படி இருக்கணும்ட்டி," என்றார் என்னிடம். "எம் பொண்ணு எதப் பெத்துப் போட்டாலும் கொறை சொல்ல மாட்டாரு."

மழை தொடங்கியதும் நர்சரிக்காரரிடம் கேட்டுக் கேட்டு ஒட்டுக்கட்டும் வேலையில் இறங்கினோம். எங்கள் மரத்தின் தளிர் மொட்டு ஒன்றைப் பட்டையோடு பெயர்த்து அக்கா மரத்தின் கிளை ஒன்றில் செருகி, பாலிதீன் நாடாவால் கட்டினோம். அது துளிர்த்தால் ஆண் கிளையும் அதே மரத்தில் இருக்கும், தேனீயே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், டிபன் பாக்ஸ் தேவைப்படாது. "வீட்டோட மாப்பிள்ளையாக்கிட்டீங்களே அவனை," என்று வீட்டுக்காரர் குறைப்பட்டார். அக்கா மரத்தின் மொட்டைக் கொண்டுவந்து எங்கள் மரத்திலும் கட்டினோம்.

நல்ல இனிப்பு ரகத்தின் குச்சி கூரியரில் அனுப்பவா என்று நர்சரிக்காரர் கேட்டார். அக்கா ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அந்த அளவுக்குப் பாசம் கிடையாது. புளிப்புக்கு ஒரு மரம் போதும். வரவழைத்து, வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து, எங்கள் மரத்தின் கிழக்குக் கிளையில் கட்டிவிட்டேன். சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார்.

"இது யாரு?"

"இனிப்பு ரகம்."

"அங்க ஒருத்தி இருக்கும்போது இங்க சின்ன வீடா?"

அக்கா வீட்டில் மாப்பிள்ளை மொட்டு பிடித்துக்கொண்டு முழ நீளம் போய்விட்டது. எங்கள் மரத்தில் அக்கா கொடுத்த மொட்டு காய்ந்து விழுந்தது. கூரியரில் வந்தது மட்டும் தளதளவென்று வளர்கிறது. வேலை எதுவும் இல்லாவிட்டாலும் வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அக்காவிடம் காபியும் வசவும் வாங்கிக்கொண்டு வருகிறார். நாத்தனாரும் சில சமயம் மம்சாபுரத்தில் இருந்து அங்கே போய்விடுகிறாள். என்னிடம் யாரும் சொல்வதில்லை.

காலையில் மரத்துக்குத் தண்ணீர் விடுவது இப்போதும் அவர்தான். ஆனால் கிழக்குக் கிளைக்குக் கீழே மட்டும் ஊற்ற மாட்டேன் என்கிறார். எல்லாத்துக்கும் ஒரே வேர்தானே என்று கேட்டால், "அது அவனுக்கும் எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் போகிறார்.